பேட்ரிசியா டீச்சர் எழுதாமல் விட்ட எண்

ஐப்பசி மழை பிடிப்பதற்கு முன் கூரையில் விலகியிருந்த ஓடுகளைச் சரிசெய்யச் சொன்னது பேட்ரிசியாதான். 1953ஆம் வருஷம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. மாதா கோயிலில் பூசை முடிந்து வந்த தம்பி அமிர்தராஜ், பந்தாட்டம் பார்க்கப் போவதற்காகச் சட்டை மாற்றிக்கொண்டிருந்தான்.

"பத்து நிமிஷ வேலைடா. முடிச்சுக் குடுத்துட்டுப் போயேன்" என்றாள்.

அவன் முணுமுணுத்துக்கொண்டே ஏறினான். நாலாவது ஓட்டைத் தொட்டபோது கால் வழுக்கி, கொல்லைப்புறத்து ஆட்டுக்கல்லின் மேல் முதுகு பட விழுந்தான்.

பெரியாஸ்பத்திரியில் நாலு மாதம் கிடந்தான். உயிர் பிழைத்தது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி திரும்பவில்லை. அப்போது அவனுக்கு இருபத்தேழு வயது. பொன்மலை ரயில்வே ஒர்க்ஷாப்பில் கடைசல் வேலை. தலைமுடி கனம்கூடப் பிசகாமல் இரும்பைக் கடைகிறவன் என்று பெயர் எடுத்திருந்தான். பேட்ரிசியா அவனுக்கு நாலு வயது மூத்தவள். பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் பூகோளம் சொல்லிக்கொடுத்தாள். அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்த பிறகு, பாலக்கரையில் கோயில் மணி கேட்கிற தூரத்தில் ஒரு சந்து வீட்டில் இவர்கள் இருவர்தான். திண்டுக்கல்லிலிருந்து அவளுக்கு வந்திருந்த சம்பந்தத்தை அந்த வருஷமே அவள் வேண்டாமென்று எழுதிப்போட்டாள்.

ஓடு மாற்றச் சொன்னது நான்தானே என்று அவள் ஒரு தடவைகூட வாய்விட்டுச் சொன்னதில்லை. அவனும் அதைச் சொல்லிக் காட்டியதில்லை. அவன் சொல்லிக் காட்டாததுதான் அவளுக்குத் தாங்கமுடியாததாக இருந்தது.

பக்கத்து வீட்டு அடைக்கலம் காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர். காலையில் லாரிச் சரக்கை இறக்கிவிட்டு வந்து, பேட்ரிசியா பள்ளிக்கூடம் கிளம்புவதற்குள் அமிர்தராஜைத் தூக்கிக் குளிப்பாட்டித் துணி மாற்றிப் படுக்கவைப்பார். சாயங்காலம் இன்னொரு தடவை வருவார். "வெங்காய மூட்டகூட ஒன்ன விட கனம் தம்பி. நல்லா சாப்புடு" என்று சிரிக்கவைக்கப் பார்ப்பார். அவன் சிரிக்கமாட்டான். சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு கிடப்பான். வைத்த சோறு வைத்தபடி இருக்கும்.

ஒருநாள் அவன், "அன்னைக்கே போயிருந்தேன்னா ஒனக்கு எவ்வளவோ சௌகரியம், அக்கா" என்றான். பஸ் இன்னும் வரவில்லை என்று சொல்வதுபோல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னான். மறுநாள் பேட்ரிசியா கொல்லைக் கதவோரம் இருந்த மூட்டைப்பூச்சி மருந்துப் புட்டியை எடுத்துப்போய்ப் பள்ளிக்கூட மேஜைக்குள் வைத்துப் பூட்டினாள். படுக்கையிலிருந்து எட்டி அதை எடுக்க அவனால் முடியாது என்று தெரிந்தும்தான் பூட்டினாள்.

மறு வருஷம் ஆனி மாதத்தில் அந்த எண் வீட்டுக்கு வந்தது. கொண்டுவந்தவர் அடைக்கலம். லாரியிலிருந்து இறக்குகிற மூட்டைகளுக்கு அவர் கோடு போட்டுக் கணக்கு வைப்பார். ஒருநாள் அமிர்தராஜுக்கு வாழைப்பழம் சுற்றிக்கொண்டு வந்த காகிதத்தில் அப்படிப் பதினோரு கோடுகள் நெருக்கமாக நின்றன.

"இது என்ன நம்பர்ண்ணே?"

"நம்பர் இல்ல தம்பி, கோடு. பதினோரு மூட்ட."

அமிர்தராஜ் காகிதத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, எட்டு மாதத்தில் முதல்முறையாக, தனக்கென்று ஒரு பொருளைக் கேட்டான். சிலேட்டு.

ஒன்றை மட்டுமே வரிசையாக எழுதினால் கிடைக்கிற எண்களை அவன் உடைக்கத் தொடங்கினான். மூன்று ஒன்று எழுதினால் 111. மூன்றையும் முப்பத்தேழையும் பெருக்கினால் அது வந்துவிடும். நாலு ஒன்றுக்குப் பதினொன்றும் நூற்றொன்றும். ஐந்து ஒன்று அரை நாள் எடுத்தது: 41, 271. ஆறு ஒன்று சுக்குநூறாக உடைந்தது. ஏழு ஒன்றுக்கு இரண்டு நாள் ஆயிற்று: 239, 4649. எட்டு, ஒன்பது, பத்து எல்லாம் தட்டியவுடன் உடைந்தன. எத்தனை ஒன்று எழுதுகிறோமோ அந்த எண்ணிக்கையே உடையக்கூடியதாக இருந்தால் எழுதிய எண்ணும் உடையும் என்று அவனாகவே கண்டுபிடித்தான். பதினொன்று உடையாத எண். அதனால் பதினோரு ஒன்றில் வந்து மாட்டிக்கொண்டான்.

11111111111. ஆயிரத்து நூற்றுப் பதினோரு கோடியே பதினோரு லட்சத்துப் பதினோராயிரத்து நூற்றுப் பதினொன்று.

"இது ஒடையுமா, ஒடையாதா? அதான் கேள்வி" என்று அக்காவிடம் சொன்னான். "ஒடையலைன்னா இதுவும் பகா எண். தன்னையும் ஒண்ணையும் விட்டா வேற எதாலயும் மிச்சமில்லாம வகுக்க முடியாது. கண்டுபிடிக்க ஒரே வழிதான். ரெண்டு, மூணு, அஞ்சு, ஏழுன்னு பகா எண் ஒவ்வொண்ணாலயும் வகுத்துக்கிட்டே போகணும்."

"எது வரைக்கும்டா?"

"லட்சத்து அய்யாயிரத்துச் சொச்சம் வரைக்கும். அதுக்குள்ள மாட்டலைன்னா அப்புறம் மாட்டாது. மொத்தம் பத்தாயிரம் கணக்கு வரும். ஒரு நாளைக்கு ஆறு. தப்பு வராம ஒவ்வொண்ணையும் ரெண்டு தடவ போடணும். நாலரை வருஷம்!"

சொல்லிவிட்டு அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பைக் கேட்டு அடைக்கலம் கையிலிருந்த வாளியை வைத்துவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தார்.

ஐயாயிரம் வரைக்குமான பகா எண்களை அவனே சலித்தெடுத்தான். அது தீர்ந்தபோது, தெப்பக்குளத்துப் பக்கத்தில் ஒரு கல்லூரி நூலகத்தில் லட்சக்கணக்கான பகா எண்கள் அச்சிட்ட பெரிய புத்தகம் ஒன்று இருப்பதாகப் பேட்ரிசியா கேள்விப்பட்டாள். அங்கிருந்த பாதிரிச் சாமியார் ஒருவரிடம் அனுமதி வாங்கினாள். அதன்பிறகு ஒவ்வொரு சனிக்கிழமை மத்தியானமும் போய், ஒரு வாரத்துக்கு வேண்டிய நாற்பத்திரண்டு எண்களை நோட்டில் எழுதிக்கொண்டு வந்தாள். அவள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளேயிருந்து குரல் வரும். "வந்துட்டியா அக்கா? குடு, குடு."

அவள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் ரங்கநாயகி. ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதியில் தகப்பனாரோடு இருந்தாள். பேச்சுவாக்கில் பேட்ரிசியா தம்பியின் எண்ணைப் பற்றி அவளிடம் சொல்லிவைத்தாள். 1955 பொங்கல் விடுமுறையில் ரங்கநாயகி அவளை வீட்டுக்கு அழைத்திருந்தாள். சர்க்கரைப் பொங்கல் கொடுத்துவிட்டு, நாலாக மடித்த ஒரு சீட்டை நீட்டினாள்.

"ஒங்க தம்பியோட எண்ணை ஒடைச்சுட்டேன். கொஞ்சம் குறுக்கு வழி இருக்கு, பதினஞ்சு நாள்ல வந்துடுத்து. அவர்கிட்ட குடுத்துடுங்கோ. பெருமாள் கிருபையில ரொம்ப சந்தோஷப்படுவார்."

சீட்டில் மணிமணியான எழுத்தில் இருந்தது: 21649ஐ 513239ஆல் பெருக்கு.

பஸ் காவிரிப் பாலத்தைத் தாண்டும்போது அவள் சீட்டைக் கையிலேயே வைத்திருந்தாள். கொடுத்துவிட வேண்டும் என்றுதான் வந்தாள். வீட்டுக்குள் நுழைந்தபோது அமிர்தராஜ் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து அடைக்கலத்தோடு வாயாடிக்கொண்டிருந்தான்.

"ஜல்லிக்கட்டு மாடு மாதிரிண்ணே இது. ஆயிரத்து எரநூறு பேர் பாஞ்சாச்சு, ஒருத்தனும் திமிலப் புடிக்கல!" என்று சொல்லிவிட்டு அவள் பக்கம் திரும்பினான். "அக்கா, சாம்பார் இன்னும் இருக்கா? பசிக்குது."

அவன் பசிக்கிறது என்று சொல்லி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அவள் சாம்பாரைச் சுடவைத்தாள். சீட்டு அவளுடைய பூகோளப் புத்தகத்துக்குள் போனது. நாளைக்குக் கொடுக்கலாம் என்று நினைத்தாள். நாளைக்கும் அதையே நினைத்தாள்.

பள்ளிக்கூடம் திறந்த அன்று ரங்கநாயகி ஆவலோடு கேட்டாள். "தம்பி என்ன சொன்னார்?"

"ரொம்ப சந்தோஷப்பட்டான் டீச்சர்" என்றாள் பேட்ரிசியா.

அதுகூடப் பெரிய குற்றமாக அவளுக்குப் படவில்லை. ஏனென்றால் எண்கள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. அவள் எதுவும் செய்யவேண்டியதில்லை. ஆடி வாக்கில் 21649 தானாக அவன் கைக்கு வரும். தானாகவே அவன் உடைத்துவிடுவான். அவள் மறைத்தது யாருக்கும் தெரியாமலே கரைந்துபோகும்.

ஆடியும் வந்தது. அதற்கு முந்தின வாரம் அவன், "இந்தக் கணக்கு மட்டும் இல்லைன்னா நான் என்னக்கா ஆயிருப்பேன்? நெனச்சாலே பயமா இருக்கு" என்று சொல்லியிருந்தான். அந்தச் சனிக்கிழமை நூலகத்தில் மின்விசிறி ஓடவில்லை. பேட்ரிசியா வேர்வையைத் துடைத்துக்கொண்டு எழுதினாள். 21647 என்று எழுதினாள். புத்தகத்தில் அடுத்தது 21649. அவள் பேனா நின்றது. அவன் மறுபடியும் சுவர்ப்பக்கம் திரும்பிக் கிடப்பது கண்முன்னே வந்தது. அந்த மருந்துப் புட்டி வந்தது. பேனா நகர்ந்து அதற்கு அடுத்த எண்ணை எழுதியது: 21661. அதே மை, அதே கையெழுத்து. ஓர் எண் போன இடத்தில் ஒரு புள்ளிகூடத் தெரியவில்லை.

அந்த வாரம் முழுவதும் அவன் ஒவ்வொரு கணக்காக முடித்து மீதியைக் குறித்துக்கொண்டே வந்தான். 21647ஐ முடித்தான். அடுத்து 21661ஐ எடுத்தான். அவள் அரிசி களைந்துகொண்டே அதைப் பார்த்தாள்.

அடுத்த மாதத்து முதல் வெள்ளிக்கிழமை, செய்த பாவத்தைச் சாமியாரிடம் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனத்துக்குப் போனாள். முழந்தாளிட்டு, "ஓர் எண்ணை விட்டுவிட்டேன், சாமி" என்றாள்.

காது மந்தமான கிழவர் அவர். "எண்ணெய் விட்டியா? எதுல விட்டே? அதுல என்னம்மா பாவம்?" என்றார்.

அவளால் அதற்குமேல் விளக்க முடியவில்லை. "பொய் சொன்னேன் சாமி" என்று மட்டும் சொன்னாள். மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொல்லிப் பாவமன்னிப்புக் கொடுத்தார். வெளியே வந்தபோது, எண்ணெய்க் கதையை நினைத்து அவளுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு, சிரித்ததற்கும் சேர்த்து வெட்கமாக இருந்தது. அதன்பிறகு மாதம் தவறாமல் "பொய் சொன்னேன்" என்று சொன்னாள். எந்தப் பொய் என்று அவரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

அந்த எண்ணுக்கு அப்பால் அவன் போட்ட கணக்கு எல்லாமே வீண் என்பது உலகத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். முப்பதாயிரம் தாண்டியது என்று அவன் சொன்னபோது கைதட்டினாள். ஐம்பதாயிரம் தாண்டியபோது பால் பாயசம் வைத்தாள். காய்ச்சலில் கிடந்தபோதுகூட அவன் நாளுக்கு ஆறு கணக்கை விடவில்லை. பென்சில் பிடித்துப் பிடித்து நடுவிரலில் காய்த்துப்போயிருந்தது. அந்தக் காய்ப்பில் அவள் தேங்காயெண்ணெய் தடவிவிடுவாள், நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்க்கமாட்டாள்.

ஐம்பத்தாறில் ஒருநாள் அடைக்கலம் கேட்டார். "மார்க்கெட்டு கைவண்டி ஞாயித்துக்கெழம சும்மாதான் நிக்குது டீச்சர். தம்பிய அதுல ஒக்கார வச்சி வெளிய கூட்டிட்டுப் போவட்டுங்களா? நாலு மனுச மொகத்தப் பாத்த மாதிரி இருக்கும்."

அமிர்தராஜ் சிலேட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "இன்னும் ரெண்டு கணக்கு பாக்கி இருக்குண்ணே. இன்னொரு நாளு பாக்கலாம்" என்றான்.

அப்போது பேட்ரிசியாவுக்கு ஒரு நிம்மதி உண்டாயிற்று. அந்த நிம்மதி அவளையே திடுக்கிடவைத்தது. அவன் வெளியே போகவேண்டாம் என்று அவள் மனசுக்குள் ஏதோ ஒன்று விரும்பியது. சனிக்கிழமைதோறும் "வந்துட்டியா அக்கா" என்று ஒருவன் காத்திருக்கிறான். அவள் எழுதிக்கொண்டு வருகிற நோட்டு இல்லாமல் அவனுக்கு வாரம் நகராது. அது அவளுக்கு வேண்டியிருந்தது. அந்த எண்ணை அவனுக்காகத்தான் விட்டேனா என்று அன்றைக்கு முதன்முதலாகக் கேட்டுக்கொண்டாள். உறுதியாகப் பதில் சொல்ல முடியவில்லை.

1959 பிப்ரவரியில் கணக்கு முடிந்தது. கடைசி எண்ணும் மீதி வைத்தது. அமிர்தராஜ் பென்சிலைக் கீழே வைத்தான். "ஒடையலக்கா. நம்ம ஆளு பகா எண்ணுதான்!" என்றான். கண்ணில் தண்ணீர் நின்றது. அடைக்கலத்தை அனுப்பி ஜாங்கிரி வாங்கிவரச் சொல்லிச் சந்து முழுவதும் கொடுக்கச்செய்தான். எதற்கு ஜாங்கிரி என்று யாருக்கும் புரியவில்லை. "பாவம், புள்ளைக்கு ஏதோ நல்லது நடந்துருக்கு" என்று வாங்கித் தின்றார்கள்.

மறுநாள் முழுநீளத் தாளில் ஒரு கடிதம் எழுதினான். கல்லூரியின் கணிதப் பேராசிரியருக்கு. பதினோரு ஒன்றுகளால் ஆன எண்ணை லட்சத்து ஐயாயிரம் வரையுள்ள எல்லாப் பகா எண்களாலும் தான் வகுத்துப் பார்த்துவிட்டதாகவும், அது பகா எண் என்று கண்டிருப்பதாகவும், நாலரை வருஷக் கணக்கு நோட்டுகள் தன்னிடம் உள்ளதாகவும் எழுதி, 'முன்னாள் கடைசல் தொழிலாளி' என்று கையெழுத்துப் போட்டான்.

"தபால்ல போட்டுடு அக்கா" என்று அவளிடம்தான் கொடுத்தான்.

தபால்பெட்டி வரைக்கும் போனாள். போட்டால் அவர்கள் சிரிப்பார்கள். தம்பியைப் பார்த்துத்தான் சிரிப்பார்கள். அவளைப் பார்த்து யாரும் சிரிக்கப்போவதில்லை. கடிதத்தைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனாள்.

மூன்று வாரம் அவன் தபால்காரரை எதிர்பார்த்தான். பத்தரை மணிக்குச் சைக்கிள் மணி சந்துக்குள் கேட்டால் தலையைத் தூக்குவான். ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம் நடந்துகொண்டிருந்தது. அவள் ஒருவேளைச் சாப்பாட்டோடு இருந்தாள், தினம் கோயிலில் சிலுவைப்பாதை ஜெபம் செய்தாள், ஒன்றும் மனசுக்குள் இறங்கவில்லை. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அவன் மெல்லிய குரலில் சொன்னான்.

"ஒர்க்ஷாப்புல கடைசல் புடிச்சவனுக்கு என்ன கணக்கு தெரியும்னு குப்பையில போட்டிருப்பாங்க. இல்லக்கா?"

பேட்ரிசியா எழுந்துபோய்க் கைப்பையிலிருந்து கடிதத்தையும், பூகோளப் புத்தகத்திலிருந்து சீட்டையும் எடுத்துவந்து அவன் மடியில் வைத்தாள்.

"கடிதாசிய நான் போடல அமிர்தம். அது பகா எண் இல்ல."

அவன் சீட்டைப் பிரித்துப் பார்த்தான். சிலேட்டை எடுத்து வகுக்கத் தொடங்கினான். ஐந்து தரம். ஒரு தரம். மூன்று. இரண்டு. மூன்று. கடைசியில் 194841 நின்றது. ஒன்பதால் பெருக்கி அதன் கீழே எழுதினான். 194841. கழித்தால் பூஜ்யம்.

ஒரு நொடி அவன் முகம் மலர்ந்துவிட்டது. பத்தாயிரம் கணக்கில் ஒரு தடவைகூடப் பார்க்காத பூஜ்யம் அது. "வந்துருச்சு பாரேன்!" என்றான், எல்லாவற்றையும் மறந்து. பிறகு முகம் மெல்ல மாறியது.

"இது என் நோட்டுல ஏன் இல்ல?"

அவனே தேடினான். ஐம்பத்தைந்தாம் வருஷத்து நோட்டு. 21647க்கும் 21661க்கும் நடுவில் விரலை வைத்தான்.

"எழுதுறப்ப மறந்துட்டியா அக்கா?"

அவள் தப்பிக்க அவனே ஒரு வாசலைத் திறந்துவிட்டிருந்தான். ஆமாம் என்று தலையாட்டினால் போதும். தலையாட்டப் பார்த்தாள்.

"மறக்கல" என்றாள். "தெரிஞ்சுதான் விட்டேன். ரங்கநாயகி டீச்சர் சீட்டு குடுத்தது அந்தப் பொங்கலுக்கு. நீ சிரிச்சுக்கிட்டிருந்தே. கணக்கு முடிஞ்சா மறுபடியும் செவுத்தப் பாத்துத் திரும்பிடுவியோன்னு பயமா இருந்துச்சு."

அவன் நோட்டை மூடினான். பேசியபோது சத்தம் போடவில்லை.

"சீட்டக் குடுக்காதது போகட்டும். அது அவங்க போட்ட கணக்கு. ஆனா அந்த வாரம் அது தானா என் கைக்கு வந்துருக்கும்ல? நானே புடிச்சிருப்பேன்ல? இந்தப் படுக்கையில கெடந்துக்கிட்டே நான் ஒருத்தன் அத ஒடைச்சிருப்பேன்ல அக்கா? அதுக்கப்புறம் எனக்கு என்ன ஆகுங்கறது என் பாடு. அத நீ ஏன் எடுத்துக்கிட்டே?"

அவளுக்கு ஓடு மாற்றச் சொன்னதற்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்கவேண்டும்போல இருந்தது. அப்போது அதைச் சொல்லியிருந்தால் அவனிடம் பரிதாபம் தேடுவதாக ஆகியிருக்கும். சொல்லவில்லை.

அன்றிலிருந்து அவன் அவளோடு பேசவில்லை. தண்ணீர் வேண்டுமென்றாலும் அடைக்கலம் வரும்வரை பொறுத்திருந்து அவரிடம் கேட்டான். அடுத்த சனிக்கிழமை அடைக்கலம் மார்க்கெட் கைவண்டியோடு வாசலில் வந்து நின்றார். மேலே ஜமுக்காளம் விரித்திருந்தது. அமிர்தராஜை இரண்டு கையாலும் வாரி எடுத்து அதில் உட்காரவைத்தார். நோட்டுகளைப் பக்கத்தில் அடுக்கினார்.

"எங்க போறீங்க?" என்று பேட்ரிசியா கேட்டாள்.

அடைக்கலம் தர்மசங்கடத்தோடு அவளைப் பார்த்தார். "காலேஜு லைப்ரரிக்குங்க டீச்சர். புஸ்தகத்தத் தம்பி தன் கண்ணால பாக்கணுமாம்."

ஐந்து வருஷத்துக்குப் பிறகு அவன் தெருவைப் பார்த்தான். வெங்காயச் சருகு ஒட்டிய கைவண்டியில், சட்டைப் பித்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு, முதுகுக்கு இரண்டு தலையணையோடு அவன் போவதைச் சந்தே வாசலுக்கு வந்து பார்த்தது. அவன் யாரையும் பார்த்துக் கூசவில்லை. கோபம் அவனை நிமிர்த்தி உட்காரவைத்திருந்தது. பேட்ரிசியா வீட்டுக்குள் நின்று அதைப் பார்த்தாள். அவன் செத்துப்போகாமல் காப்பாற்றுகிறேன் என்று நாலு வருஷம் அவனைக் கட்டிலோடு கட்டிப்போட்டிருக்கிறேன் என்று நினைத்தாள். அந்த நாலு வருஷமும் கைவண்டி இருந்தது. அடைக்கலமும் இருந்தார்.

நூலகத்துச் சாமியார் புத்தகத்தை வராந்தாவுக்கே கொண்டுவந்து கொடுத்தாராம். அக்கா எழுதிய ஒவ்வொரு எண்ணையும் அமிர்தராஜ் அச்சில் இருப்பதோடு வைத்துச் சரிபார்த்தான். ஐந்து சனிக்கிழமை ஆயிற்று. ஐந்தாவது சனிக்கிழமை திரும்பி வந்தவன், அவளைப் பார்க்காமல் சொன்னான்.

"வேற எதையும் விடல."

அவளிடம் அவன் மறுபடியும் பேசிய முதல் வார்த்தை அதுதான். ஒன்பதாயிரத்துச் சொச்சம் எண்ணில் ஒன்றே ஒன்றுதான் என்பது அவளுக்கு ஆறுதலாக இல்லை.

ஈஸ்டர் கழிந்ததும் அவள் ஸ்ரீரங்கத்துக்குப் போய் ரங்கநாயகியிடமும் உண்மையைச் சொன்னாள். "நேக்குத் தெரிஞ்சிருந்தா நானே ஒங்க ஆத்துக்கு வந்து பேசியிருப்பேனே" என்று மட்டும் சொன்னாள் ரங்கநாயகி. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாலக்கரைக்கு வந்து அமிர்தராஜிடம் குறுக்கு வழியை விளக்கினாள். பதினோரு ஒன்றை வகுக்கிற எந்தப் பகா எண்ணையும் இருபத்திரண்டால் வகுத்தால் மீதி ஒன்றுதான் வரும். மற்றவற்றைத் தொடவே வேண்டாம்.

"அப்ப நான் போட்டதுல பத்துக்கு ஒன்பது சும்மாவா!" என்று அவன் வாய்விட்டுச் சிரித்தான். ஏன் அப்படி என்று கேட்டான். அவள் சொன்னாள். இன்னும் கேட்டான். விளக்கு வைக்கிற நேரம் வரைக்கும் இருவரும் எண்களைப் பற்றியே பேசினார்கள். அடுக்களையில் காப்பி கலந்துகொண்டிருந்த பேட்ரிசியா, இந்தப் பேச்சு நாலு வருஷத்துக்கு முன்பே நடந்திருக்க வேண்டியது என்று நினைத்தாள்.

நூலகத்துக்குப் போக வர அவனுக்குச் சிலரோடு பழக்கம் உண்டாயிற்று. அங்கே பழக்கமான ஒருவர் சொல்லி, உறையூரில் ஓர் அச்சாபீஸில் பிழை திருத்துகிற வேலை கிடைத்தது. கணக்குப் புத்தகங்களின் பின்பக்கத்து விடைகளில் ஒரு பிழைகூட அவன் கண்ணுக்குத் தப்பி அச்சேறியதில்லை. கையால் சுற்றி ஓட்டுகிற மூன்று சக்கர வண்டி ஒன்று வாங்கிக்கொண்டான். அதே அச்சாபீஸில் தாள் மடிக்கிற பாக்கியமேரியை அறுபத்திரண்டில் கல்யாணம் செய்துகொண்டு உறையூருக்கே குடிபோனான். பேட்ரிசியா பாலக்கரை வீட்டில் தனியாக இருந்தாள்.

அவன் அவளிடம் நன்றாகத்தான் இருந்தான். ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்பு வைத்தால் கூப்பிட்டு அனுப்புவான். ஆனால் எதையும் எழுதச் சொல்லி, எடுத்துத் தரச் சொல்லி அவளிடம் கேட்பதில்லை. அவள் கையை நீட்டினால், "இருக்கட்டும், நானே பாத்துக்கறேன்" என்பான். அன்பாகத்தான் சொல்வான். அவள் கையை எடுத்துக்கொள்வாள்.

அறுபத்தைந்தில் ரங்கநாயகியின் தகப்பனார் தவறிவிட்டார் என்று சேதி வந்தது. துக்கம் விசாரிக்க இருவரும் போனார்கள். அவன் வண்டியைச் சுற்றி ஓட்ட, அவள் பக்கத்தில் நடந்தாள். காவிரிப் பாலத்துக்கு ஏறும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு வேப்பமர நிழலில் அவன் மூச்சு வாங்க நின்றான். கேட்பதற்கு அவளுக்கு அப்போதுதான் துணிச்சல் வந்தது.

"என் மேல இன்னும் கோபமா இருக்கியா அமிர்தம்?"

அவன் கழுத்து வேர்வையைத் துடைத்துக்கொண்டே யோசித்தான்.

"அந்த நாலு வருஷம் எனக்கு நல்லாத்தான் இருந்துச்சு அக்கா. தெனம் எந்திரிச்சா ஆறு கணக்கு. பொய்யின்னு தெரியாம சந்தோஷமா இருந்தேன். அதான் கோபம். நல்லா இல்லாம இருந்திருந்தா கோபம் எப்பவோ போயிருக்கும்."

ஏற்றத்தில் வண்டி மெதுவாக ஏறியது. பாதித் தூரத்தில் சக்கரம் திணறியது. அவன் தோள் புடைத்து நின்றது. பேட்ரிசியாவின் கை தானாக இருக்கையின் முதுகுக்குப் போயிற்று. அவனுக்குத் தெரியாமல் இரண்டு விரலால் தள்ளிவிடலாம். அவனாக ஏறியதாகவே நினைத்துக்கொள்வான். கையை எடுத்தாள். முன்னால் இரண்டடி வைத்து, அவன் முகத்துக்கு நேரே வந்து கேட்டாள்.

"பின்னாடி தள்ளட்டுமா?"

எதிரே வந்த பஸ் போகும்வரை அவன் காத்திருந்தான்.

"தள்ளு" என்றான்.